இடம் விட்ட படம்

கண் திறப்பவர் திரும்பி வரப்போகிறார் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தது அக்காதான். அதனால், அதற்குப் பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் அவளால் வேறு யாரையும் குறை சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

கண் திறப்பவர் என்பது அவளுடைய தம்பிக்குத் தொழிலில் கிடைத்த பெயர். வீட்டின் கீழ்த்தளத்தை போட்டோ ஸ்டுடியோவாக்கி இருவரும் கடை திறந்தபோதே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். படம் எடுப்பது அக்கா. எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் வைத்துச் சரிசெய்கிற டச்சப் வேலை தம்பிக்கு. பத்துப் பேர் நிற்கிற குடும்பப் படத்தில் ஒருவராவது சரியாக அந்த நொடியில் கண்ணை மூடித் தொலைப்பார். தம்பி இன்னொரு படத்திலிருந்து அவருடைய கண்ணை எடுத்து இதில் வைத்துவிடுவான். வைத்தது யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவை, ஒரு கல்யாணப் படத்தில், கல்யாணப் பெண்ணின் கண்ணை அவள் தங்கைக்கு வைத்துவிட்டான். அந்தப் படம் இரண்டு வருஷம் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. தன்னை எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று அந்தத் தங்கை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அவன் பேர் வாங்கியது ‘இடம் விட்ட பட’த்தில்தான். அந்தத் தெருவில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருந்தார்கள். குடும்பமாகப் படம் எடுக்க வந்தால் ஒரு ஆள் குறையும். தம்பிதான் யோசனை சொன்னான். ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டு நிற்க வை, வெளிநாட்டில் இருக்கிறவர் தன் படத்தை அனுப்பட்டும், நான் ஏற்றிவிடுகிறேன் என்றான். தோளில் கை போட்டு நிற்கிற மாதிரி வேண்டும் என்பவர்களுக்காக ஒரு மரக்கம்பமும் செய்துவைத்தான். உச்சியில் ஒரு சின்னப் பலகை, ஏற்றி இறக்க ஒரு திருகு. கையைப் பலகைமேல் வைத்துக்கொண்டு நின்றால் போதும். பிறகு கம்பத்தை அழித்துவிட்டு அங்கே ஆளை நிறுத்திவிடுவான். பெரும்பாலும் வெளிநாட்டு மாப்பிள்ளைகளுக்காகவே பயன்பட்டதால் கம்பத்துக்கு மாப்பிள்ளை என்றே பெயர் வந்துவிட்டது. ‘மாப்பிள்ளையைக் கொஞ்சம் ஏத்துங்க, அவர் இன்னும் உயரம்’ என்று மாமியார்களே சொல்வார்கள். வாயைத் திறக்காத மாப்பிள்ளை இவர் ஒருத்தர்தான் என்றும் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவன் முப்பத்தொரு வயதில் தானே வெளிநாடு போனான். ஒரு பெரிய பத்திரிகையின் பழைய படங்களைப் பாதுகாத்து வைக்கிற இடத்தில் வேலை. அறை நிறையப் பெட்டி, பெட்டி நிறையப் படம். ஒவ்வொன்றாகக் கையுறை போட்டு எடுத்து, ஸ்கேன் செய்து, பின்பக்கம் எழுதியிருப்பதை அப்படியே பதிந்து, திரும்ப வைக்க வேண்டும். தூசி துடைக்கலாம். வேறு எதையும் தொடக் கூடாது. முதல் வருஷம், “கை அரிக்குதுக்கா, ஒருத்தரோட மூக்கு மேல கீறல் இருக்கு, அதைக்கூட விட மாட்டேங்கறாங்க” என்று போனில் புலம்பினான். மூன்றாம் வருஷம் புலம்பல் நின்றது. ஐந்தாம் வருஷம் உபதேசம் ஆரம்பித்தது.

“இங்க ஒருத்தர் படத்துல இருந்த குப்பைத்தொட்டிய அழிச்சிட்டார்க்கா. வேலைய விட்டே அனுப்பிட்டாங்க.”

“குப்பைத்தொட்டிக்கா?”

“அது அங்க இருந்துதேக்கா.”

“இருந்தா என்னடா? படத்துல நாறுதா?”

அவன் சிரிக்கவில்லை. அன்றைக்கே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

பதினொரு வருஷம் கழித்து வந்து இறங்கினான். தாடியிலும் நரை, தலையில் பாதிக்குமேல் நரை. அம்மாவுக்குக் கண் மங்குகிறது, இனிமேல் இங்கேதான் இருக்கப் போகிறேன் என்றான். அக்காவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. இத்தனை வருஷமும் டச்சப்புக்கு வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. கடைசியில் அவளே ஒரு பொத்தானை அழுத்தக் கற்றுக்கொண்டிருந்தாள். அழுத்தினால் பரு, சுருக்கம், புள்ளி எல்லாம் போய் முகம் வழுவழுவென்று ஆகிவிடும். தாத்தாவும் பேரனும் ஒரே வயதாகத் தெரிவார்கள். அவளுக்கே அது பிடிக்கவில்லை. இனி அந்தப் பாவத்தை நான் செய்ய வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தாள்.

அந்த நிம்மதி ஒரு வாரம்தான். எட்டாம் நாள், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். பத்து வருஷமாக அந்தக் கடையில்தான் படம் எடுப்பார். ஒவ்வொரு தடவையும் முன்தலையில் கொஞ்சம் முடி ஏற்ற வேண்டும். அக்கா அளவு வைத்திருந்தாள். தம்பி படத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

“சார், உங்க தலை அழகா இருக்கு.”

“என் தலையப் பத்தி நான் உங்ககிட்ட கேட்டேனா?”

“இதுல முடி வெச்சா இது நீங்க இல்ல சார்.”

“நான் யாருன்னு எனக்குத் தெரியும். முடிய வைங்க.”

தம்பி வைக்கவில்லை. அவர் எதிர்க்கடைக்குப் போய் வைத்துக்கொண்டார். இரண்டு மடங்கு வைத்துக்கொண்டார் என்று அக்காவுக்குத் தகவல் வந்தது.

அடுத்து, இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. தம்பி கேமரா முன்னால் மண்டி போட்டு, “உங்களைப் படம் எடுக்கலாமா?” என்று குழந்தையிடம் கேட்டான். குழந்தை மாட்டேன் என்று தலையாட்டியது. தம்பி எழுந்து லென்ஸை மூடிவிட்டான். “வேண்டாம்னுட்டாங்கக்கா” என்றான். அந்த வயதில் கேட்டால் சாப்பிடவே மாட்டேன் என்றுதான் சொல்லும், அதற்காகப் பட்டினி போடுவார்களா என்று அக்கா கத்திய கத்தலில் குழந்தை அழுதது. அழுகிற படத்தைத்தான் எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. அதையாவது ஒரு துடை துடைத்துக் கொடுத்தானா? மூக்கு ஒழுகியபடியே கொடுத்தான்.

பிறகு ஒரு தாளில், ‘இங்கே எடுக்கும் படங்களில் எதுவும் சேர்க்கப்படாது, எதுவும் நீக்கப்படாது’ என்று எழுதிக் கண்ணாடிக் கதவில் ஒட்டினான்.

“இது ஸ்டுடியோவா, கோர்ட்டாடா?” என்று அக்கா கேட்டாள். மாலையில் அவள் கிழிப்பாள். காலையில் அவன் ஒட்டுவான். நான்கு மாதம் இப்படியே போயிற்று. அதில் ஒரே ஒரு டீச்சரம்மா மட்டும், தன் முகத்துச் சுருக்கமெல்லாம் அப்படியே தெரிகிற படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு மூன்று பிரதி கேட்டு வாங்கிப் போனார். தம்பி அதைப் பதக்கம் வாங்கினவன் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தான். “ஒருத்தர்டா. நாலு மாசத்துல ஒருத்தர்” என்றாள் அக்கா.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அம்மா விஷயத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு உடம்பு முடியாமல் போன சமயம், குடும்பமாக ஒரு படம் வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். ஊருக்கெல்லாம் இடம் விட்டு எடுத்த கடையில் சொந்த வீட்டுக்கும் அப்படியே எடுத்தார்கள். தம்பிக்கு இடம் விட்டு, அப்பா, அம்மா, அக்கா மூவரும் நின்றார்கள். “உன் படம் ஒண்ணு அனுப்புடா, யாரையாவது வெச்சு ஏத்திடறேன்” என்று அக்கா போன் செய்தாள். “வேண்டாம்க்கா. வருஷக் கடைசியில வரேன். அப்பா பக்கத்துல நிஜமாவே நின்னு எடுத்துக்கலாம்” என்றான் தம்பி.

வருஷக் கடைசிவரை அப்பா இருக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்துத் தம்பி, அங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தான். வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று வரவில்லை. இறுதிச் சடங்கு முடிகிறவரை அக்கா போனைப் பிடித்துக் காட்டிக்கொண்டு நின்றாள், அவன் அதில் பார்த்தான். அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டதாக அவனிடம் சொல்லியிருந்தாள்.

அந்தப் படத்தை அம்மா பிரிண்ட் போடவே விடவில்லை. “அவன் வந்து அவன் கையால ஏத்தட்டும், அப்புறம் போடு” என்றாள். ஊரிலேயே பெரிய டச்சப்காரனைப் பெற்றவள், மற்றவன் தொட விடுவாளா? இப்போது அவளுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணில், எதையும் மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டத்தில் வைத்தால்தான் தெரியும். இதற்குமேல் மோசமாகாமல் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம், போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை.

தம்பி வந்த மறுநாளே அம்மா கேட்டாள். “அந்தப் படத்துல அப்பா பக்கத்துல உன்னை வெச்சுக் குடுடா. பாத்துடறேன்.”

“அம்மா, அன்னிக்கு நான் இங்க இல்லம்மா. இருந்த மாதிரி காட்டினா அது பொய்.”

“நீ இல்லேன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே உன்னை வழியனுப்பினேன்.”

“இப்ப நாம மூணு பேரும் சேர்ந்து புதுசா ஒண்ணு எடுக்கலாம்மா.”

“அதுல அப்பா இருப்பாரா?”

“எப்படிம்மா இருப்பார்?”

“அப்போ அது எனக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன்பிறகும் தினமும் காலையில் ஒரு தடவை கேட்பாள். கோபமாகக் கேட்க மாட்டாள். பால் வந்ததா என்று கேட்கிற மாதிரி, “படம் பண்ணிட்டியாடா?” என்பாள்.

ஒருநாள் மதியம் கடையில் ஆளில்லாத நேரத்தில் அக்கா தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊர்ல இருக்கற புருஷன், மாப்பிள்ளை, மச்சான் எல்லாரையும் ஏத்தினியே. அது என்ன, அப்போ மட்டும் நிஜமா?”

“அப்போ எனக்குத் தெரியாதுக்கா.”

“எது தெரியாது?”

தம்பி நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். “அங்க ஒரு பொண்ணு வந்தா. அவ அப்பா கடைசியா யார் கூட இருந்தார்னு தெரிஞ்சுக்க. பழைய படம் ஒண்ணுல அவர் பக்கத்துல ஒரு ஆள் நிக்கறார். அந்த ஆளை நாலு வருஷமா தேடியிருக்கா. நான்தான் அசலை எடுத்துப் பாத்தேன். அந்த ஆள் ஒட்டினது. எவனோ எதுக்கோ ஒட்டியிருக்கான். அதை நான்தான் அவகிட்ட சொன்னேன்க்கா. அவ முகத்தை நான்தான் பாத்தேன்.”

அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

“பாவம்தான். ஆனா அது அவ கதை. நம்ம அம்மா யாரைத் தேடிப் போகப் போறா, இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு? அவ கேக்கறது ஒண்ணே ஒண்ணு. நீ பொய் சொல்ல மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நிக்கற. நான் சொல்லட்டுமா? அந்த ஃபைலை நீ இதுவரைக்கும் தொறந்துகூடப் பாக்கலை. உனக்குப் பயம்டா.”

தம்பி எழுந்து மாடிக்குப் போய்விட்டான். வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்த இன்னொரு கெட்ட பழக்கம் அது. சண்டை போட்டால் பாதியில் எழுந்து போய்விடுவான். முன்பெல்லாம் நன்றாகத் திருப்பிக் கத்துவான்.

அடுத்த விடுமுறை நாளில், தம்பி வெளியே போயிருந்த நேரம் பார்த்து, அக்கா தானே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அவன் எதற்கோ எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று மேஜையில் கிடந்தது. அதை ஸ்கேன் செய்தாள். உடம்புக்கு வேறு யாருடைய உடம்போ. மூன்று மணி நேரம் வெட்டினாள், ஒட்டினாள், தலையை இழுத்தாள், சுருக்கினாள், தன் தலையில் அடித்துக்கொண்டாள். பிரிண்ட் எடுத்து மாடிக்கு ஓடினாள்.

அம்மா படத்தை இடது கண்ணோடு ஒட்டிவைத்து இப்படியும் அப்படியும் நகர்த்தினாள்.

“இது யாருடி?”

“உன் பிள்ளைதாம்மா.”

“என் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய தலையா?”

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதே நேரம் பார்த்துத் தம்பி படியேறி வந்தான். அம்மா கையிலிருந்த படத்தை எட்டிப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, பொய்யைப் பற்றி ஆரம்பிக்கப் போகிறான் என்று அக்கா தயாரானாள்.

“அக்கா, வெளிச்சம் அப்பாவுக்கு இடது பக்கத்துலேர்ந்து வருது. என் மூஞ்சியில வலது பக்கத்துலேர்ந்து வருது.”

“தெரியலைடா.”

“இந்தக் கழுத்து யாரோடது? என்னோடது இல்லையே. அப்பா கையை எங்க காணோம்?”

“உன்னை வைக்க இடைஞ்சலா இருந்துது. அழிச்சிட்டேன்.”

“அப்பா கையையா அழிச்ச?”

அவன் இரண்டிரண்டு படியாக இறங்கினான். அக்கா பின்னாலேயே ஓடினாள். கொள்கை, நேர்மை எல்லாம் மாடியிலேயே இருந்துவிட்டன. மட்டமான வேலையைக் கண்டு பொறுக்காத டச்சப்காரன் மட்டும்தான் கீழே இறங்கினான். உட்கார்ந்து, மூன்று வருஷமாகத் தான் திறக்காத அந்த ஃபைலைத் திறந்தான்.

ஐந்து படங்கள் இருந்தன. வலது ஓரத்தில், ஒன்றைத் தவிர மற்றதிலெல்லாம், அக்கா. பக்கத்தில் அம்மா, அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பா. அப்பாவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் அகலத்துக்கு வெறும் திரை. அந்த வெறும் இடத்தில் அப்பாவின் கை, தோள் உயரத்தில், ஒன்றுமில்லாததன் மேல் வைத்தபடி இருந்தது.

“மாப்பிள்ளைய வைக்கலையா?” என்று கேட்டான்.

“வெச்சேன். அப்பா தள்ளி வைக்கச் சொல்லிட்டார். என் பிள்ளை தோள் எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா, கட்டை எதுக்குன்னார்.”

“அஞ்சு எதுக்கு?”

“நானும் படத்துல நிக்கணுமே. டைமர் போட்டுட்டு ஓடி ஓடி வந்தேன். ஒண்ணுல அம்மா கண்ண மூடிட்டா, ஒண்ணுல நான் வந்து சேரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் கையைக் கீழ போடுங்கப்பான்னு சொன்னேன். கேக்கலை. பஸ்ல கேக்கற மாதிரியே, எல்லாரும் ஏறியாச்சான்னு கேட்டார். ஒருத்தன் பாக்கிப்பான்னேன். சரி, அவசரமில்ல, நிக்கறேன்னார்.”

தம்பி ஐந்து படங்களையும் வரிசையாக வைத்தான். முதல் படத்தில் கை நிமிர்ந்து இருந்தது. இரண்டாவதில் கொஞ்சம் இறங்கியிருந்தது. மூன்றாவதில் விரல்கள் மடங்கியிருந்தன. ஐந்தாவதில் கை அப்பாவின் மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் போடவில்லை. ஐந்திலும் கை மட்டும் கலங்கியிருந்தது. நடுக்கம். டச்சப்காரன் முதலில் சரிசெய்கிற இடமே அதுதான்.

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். அழுதானா என்று அக்கா பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தண்ணீர் கொண்டுவரப் போனாள். திரும்பி வந்தபோது அவன் அதே பின்திரையை இறக்கி, விளக்கை இடது பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தான். கேமரா நிற்கிற இடத்துக்குத் தரையில் ஒட்டியிருந்த பழைய டேப் அடையாளம் அப்படியே இருந்தது.

“எடுக்கா.”

போட்டிருந்த கசங்கின சட்டையோடு போய் நின்றான். எடுத்தாள். முதல் படத்தோடு பொருத்திப் பார்த்தான். கை தோளில் உட்கார்ந்தது. ஒரு விரல் அகலம் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. எட்டு வருஷம் பார்க்காத பிள்ளையின் உயரம் அப்பாவுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

இதோடு நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஆனால் அது அவனாயிற்றே.

“முடிய மட்டுமாவது கறுப்பாக்குடா. அப்பா காலத்துப் படம். அப்போ உனக்கு இவ்வளவு நரை ஏது?”

“இன்னிக்கு இப்படித்தானே இருக்கேன்.”

“அம்மா அதிர்ந்து போயிடுவா.”

“கறுப்பாக்க மாட்டேன்க்கா.”

கை நடுக்கத்தையாவது சரிசெய் என்றாள். அது அப்பா செஞ்சது, தொட மாட்டேன் என்றான். அதோடு விட்டானா? படத்தின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இரண்டு தேதி போட்டான். ஒன்று அவர்கள் மூவரும் நின்ற தேதி, ஒன்று அவன் நின்ற தேதி. பத்திரிகை ஆபீஸ்காரர்கள் வந்து பார்த்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது என்று அக்கா திட்டினாள். பிறகு அவன் அவள் முகத்தைச் சுட்டிக்காட்டினான்.

“இது என்ன, சோப்பு மாதிரி இருக்கு?”

மூன்று வருஷத்துக்கு முன்னால், எடுத்த கையோடு, முதல் படத்தில் தன் முகத்துக்கு மட்டும் அந்தப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தியிருந்தாள். அசலை எடுத்து வைக்காமல் அதன் மேலேயே சேவ் செய்தும் தொலைத்திருந்தாள்.

“மத்த படத்துலேர்ந்து உன் மூஞ்சிய எடுக்கலாம். ஆனா ஒருத்தர் தலைய வெட்டி ஒட்ட மாட்டேன். என்னை ஏத்தினதே கடைசி” என்றான்.

மறுநாள் காலை அம்மா வழக்கம்போல, “படம் பண்ணிட்டியாடா?” என்று கேட்டாள். தம்பி பெரிய பிரிண்டை அவள் கையில் வைத்தான். அம்மா ஜன்னலருகே போய் உட்கார்ந்து, படத்தை இடது கண்ணோடு ஒட்டிக்கொண்டாள். முதலில் அப்பாவைத் தேடினாள்.

“கை ஆடியிருக்கு.”

“அதைத் தொடலம்மா.”

“தொடாதே. கடைசியில அப்படித்தான் ஆடும்.” கையின் மேலேயே படத்தை நகர்த்தி நகர்த்தித் தோளுக்கு வந்தாள். தோளிலிருந்து முகத்துக்கு வந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

“எப்படா இவ்வளவு நரைச்சுது உனக்கு?”

“வரும்போதே இப்படித்தாம்மா.”

“நாலு மாசமா கூடவே இருக்க. எனக்குத் தெரியவே இல்லையே. நீ போகும்போது இருந்த மூஞ்சிதான்டா இன்னும் எனக்குள்ள இருக்கு. குரல் கேட்டா அந்த மூஞ்சியத்தான் நினைச்சுக்குவேன்.” அம்மா படத்தை விலக்காமலே சொன்னாள். “அப்பா மாதிரி ஆயிட்டே. நல்ல வேளை, பாத்துட்டேன்.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. வீட்டில் யாரும் தன் முகத்தை அம்மாவின் மூக்கருகே கொண்டுபோய்க் காட்டியதில்லை. தான் சொன்னபடி முடியைக் கறுப்பாக்கியிருந்தால் அம்மா இதையும் பார்த்திருக்க மாட்டாள். இனி இவனைப் பிடித்து நிறுத்த முடியாது, கதவில் இன்னும் பெரிய தாளாக ஒட்டுவான் என்று நினைக்கும்போதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் பேச்சு சரியாகவும் போய்விட்டதே என்பதில் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

படம் வலது ஓரத்துக்கு நகர்ந்தது.

“இது யாரு, பொம்மை?”

“நான்தாம்மா.”

“நீயா?” அம்மா படத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவள் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பினாள். “உனக்கு என்ன வயசுடி இப்போ?”

“நாப்பத்தேழும்மா.”

“இதுல இருவத்தஞ்சு” என்றாள் அம்மா. “அவனாவது வெளிநாட்டுல இருந்தான். நீ தினமும் கூடவே இருக்க. உன்னையும் நான் பாத்து ரொம்ப நாளாச்சு போலிருக்கே. போய் நீயும் ஒண்ணு எடுத்துட்டு வா. தொடாம. கண்ணு இருக்கும்போதே பாத்துடறேன்.”

கீழே ஸ்டூலில் உட்கார்ந்தபோது அக்காவுக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. இருபது வருஷமாக அந்த ஸ்டூலில் ஊரையே உட்கார வைத்தவள், கேமராவுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்ததே இல்லை. தம்பி கேமராவுக்குப் பின்னால் குனிந்தான்.

“எடுக்கலாமாக்கா?”

“எடுத்துத் தொலை.”

சிரி என்று அவன் சொல்லவில்லை. எடுத்தான்.

“மூடிட்டேனா?”

“மூடிட்ட.”

“தொறந்து வெச்சுடேன். உனக்குத் தெரியாத வேலையா?”

“இன்னொண்ணு எடுக்கறேன். அவசரமில்லக்கா, நிக்கறேன்.”

தெரிந்து சொன்னானோ தெரியாமல் சொன்னானோ, அடுத்த மூன்றிலும் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஐந்தாவதில்தான் திறந்தாள். கண் சிவந்து, மூக்கு வீங்கி, நாற்பத்தேழு வயதுக்கு ஒரு நாள்கூடக் குறையாமல் இருந்தாள். அதைத்தான் பிரிண்ட் போட்டு மாடிக்கு எடுத்துக்கொண்டு போனான், படுபாவி.